இரண்டாம் தீ

என் சித்தி தீயில் கருகி இறந்தபோது எனக்கு 11 வயது. ஸ்டவ் வெடித்துவிட்டது என்று போலீசாரிடம் சொன்னார்கள். தானே கொளுத்திக்கொண்டாள் என்று சபையாரிடம் சொன்னார்கள். இரண்டையும் சொன்னவர் சித்தப்பாதான். முதல் கதையைக் காவல் நிலையம் எழுதிக்கொண்டது. இரண்டாவது கதையைத் திருச்சபை எழுதிக்கொண்டது. தீப்பிடிப்பதற்கு முன்பே அவள் உடம்பில் இருந்த காயங்களை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

உடலை ஆலயத்துக்குள் கொண்டுபோகவில்லை. கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் குழி வெட்டி, சின்ன ஜெபத்தோடு முடித்துவிட்டார்கள். மணி அடிக்கவில்லை, பாட்டும் இல்லை. திரும்பி வரும்போது பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மா ஒருவர், "தானா உசுர மாய்ச்சவளுக்கு மோட்சத்துல எடம் கெடையாதுல்லா. நித்திய அக்கினிதான்" என்றார். வன்மத்தோடு சொல்லவில்லை, வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோலச் சொன்னார். என் ஆச்சி, செத்தவளைப் பெற்றவள், நின்று திரும்பிக் கேட்டாள்: "எரிஞ்சு செத்த புள்ளய ஆண்டவரு இன்னொரு தடவையா எரிப்பாரு?"

யாரும் பதில் சொல்லவில்லை. ஆச்சி அதன் பிறகு 16 ஆண்டுகள் உயிரோடிருந்தாள். ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போனாள். நரகத்தைப் பற்றிப் பிரசங்கம் வந்தால் மட்டும் எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொள்வாள். சித்தப்பா இரண்டே ஆண்டுகளில் அதே ஆலயத்தில் மறுமணம் செய்துகொண்டார்.

நான் இன்றும் கிறிஸ்தவள்தான். ஆலயத்துக்குப் போகிறேன், நற்கருணை எடுக்கிறேன். அதனாலேயே ஆச்சியின் கேள்வியைத் துக்கத்தில் பிதற்றிய வார்த்தை என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. அது ஓர் இறையியல் கேள்வி. நரகம் என்கிற கருத்து எங்கிருந்து வந்தது, யாரை நோக்கிச் சொல்லப்பட்டது, எப்போது பெண்ணின் கூந்தலையும் கருப்பையையும் தேடி வந்தது என்று பழைய பிரதிகளை வைத்துக்கொண்டு பார்த்தால்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும்.

பள்ளத்தாக்கின் பெயர்

சுவிசேஷங்களில் நாம் நரகம் என்று வாசிக்கும் இடங்களில் பெரும்பாலும் மூலத்தில் இருக்கும் சொல் கெஹன்னா. அது எருசலேமின் தெற்கே இன்றும் இருக்கிற ஹின்னோம் பள்ளத்தாக்கின் பெயர். மறுவுலகத்தில் இருக்கும் ஊர் அல்ல. நடந்து போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய இடம். புதிய ஏற்பாட்டில் இந்தச் சொல் 12 முறை வருகிறது. அதில் 11 முறை இயேசுவின் வாயிலிருந்தும், ஒரு முறை யாக்கோபின் நிருபத்திலும். பவுல் தன் நிருபங்களில் ஒரு முறைகூட இதைப் பயன்படுத்தவில்லை.

அந்தப் பள்ளத்தாக்கு அப்போது எருசலேமின் குப்பைமேடாக இருந்தது, அங்கே எப்போதும் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது, அதனால்தான் இயேசு அதை உவமையாக எடுத்தார் என்று பிரசங்கங்களில் கேட்டிருப்போம். இந்த விளக்கம் இயேசுவின் காலத்துக்கு ஏறத்தாழ 1200 ஆண்டுகளுக்குப் பிறகு வாழ்ந்த தாவீது கிம்ஹி என்ற யூத அறிஞரின் உரையில்தான் தெளிவாகத் தென்படுகிறது. அதற்கு முந்தைய ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் விவிலியமே அந்தப் பள்ளத்தாக்கைப் பற்றி வேறொரு செய்தியை வெளிப்படையாகச் சொல்கிறது. அங்கே தோப்பேத் என்ற இடத்தில் பெற்றோர் தங்கள் பிள்ளைகளைத் தீயில் பலியிட்டார்கள். ஆகாஸ், மனாசே என்ற யூதாவின் இரண்டு அரசர்கள் தங்கள் பிள்ளைகளையே அப்படிச் செய்ததாக நாளாகமப் புத்தகம் சொல்கிறது. யோசியா அரசன் அந்த இடத்தைத் தீட்டுப்படுத்தி அந்த வழக்கத்தை நிறுத்தினான். எரேமியா தீர்க்கதரிசி அங்கே நின்று, இப்படி ஒன்றைக் கடவுள் கட்டளையிடவும் இல்லை, அது அவர் நினைவில் தோன்றவும் இல்லை என்று கடிந்து பேசினார்.

குப்பைமேடு என்கிற விளக்கம் மறைப்பது இதைத்தான். குப்பை எரிந்தால் யாருக்கும் குற்ற உணர்வு வராது. எரிந்தது பிள்ளைகள் என்றால், எரித்தது யார் என்று கேட்கவேண்டி வரும். கெஹன்னா என்ற சொல்லின் வேரில் இருப்பது பாவிகளை எரிக்கும் கடவுள் அல்ல. கடவுளின் பெயரைச் சொல்லித் தங்கள் வீட்டுப் பிள்ளைகளை எரித்த மனிதர்கள். அந்தச் செயல் தன் மனதில் தோன்றவே இல்லை என்று சொன்ன கடவுளையே, தன் பிள்ளைகளை முடிவில்லாமல் எரிப்பவராகப் பின்னால் வந்தவர்கள் மாற்றினார்கள். ஆச்சி எரேமியாவை வாசித்திருந்தாளா தெரியாது. அவள் கேட்டது எரேமியாவின் கேள்வி.

தமிழுக்கு வரும்போது இன்னொன்றும் நடந்தது. எபிரேயத்தின் ஷேயோல், இறந்தவர் எல்லோரும் போய்ச் சேரும் மங்கலான கீழுலகம். நல்லவரும் கெட்டவரும் அங்கேதான் போவார்கள். அதைப் பாதாளம் என்றார்கள். கெஹன்னாவுக்கு இந்த மண்ணில் ஏற்கெனவே இருந்த நரகம் என்ற சொல்லை எடுத்துக்கொண்டார்கள். எண்ணெய்க் கொப்பரையும் முள் மரமும் எமகிங்கரரும் அந்தச் சொல்லோடு சேர்ந்து வந்தார்கள். ஆனால் இந்த மண்ணின் நரகத்துக்கு ஒரு வெளிவாசல் இருந்தது. வினை தீர்ந்ததும் உயிர் அங்கிருந்து கிளம்பிவிடும், மறுபடி பிறக்கும். அந்த நரகங்கள் பெண்களிடம் கருணையாக இருந்தன என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அவற்றிலும் தண்டனைக்கு ஓர் அளவு இருந்தது. நம்முடைய மொழிபெயர்ப்பில் கொப்பரை தங்கியது, வெளிவாசல் அடைபட்டது.

யாரைப் பார்த்துச் சொன்னார்

இயேசு நரகத்தைப் பற்றிப் பேசவே இல்லை என்று சில நல்ல மனிதர்கள் ஆறுதல் சொல்வார்கள். அது உண்மை இல்லை. அவர் பேசினார், கடுமையாகவே பேசினார். யாரைப் பார்த்துப் பேசினார் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

மலைப்பிரசங்கத்தில் மூன்று முறை கெஹன்னா வருகிறது. சகோதரனை இழிசொல்லால் ஏசுகிறவனுக்கு ஒரு முறை. மற்ற இரண்டும் பெண்ணை இச்சையோடு பார்க்கிற ஆணைப் பற்றிய பேச்சில். அங்கே அவர் பெண்ணின் உடையைச் சரிசெய்யச் சொல்லவில்லை. அவள் கூந்தலை மூடச் சொல்லவில்லை. பார்க்கிறவனின் கண்ணைப் பிடுங்கச் சொல்கிறார், அவன் கையை வெட்டச் சொல்கிறார். உவமைதான், ஆனாலும் கத்தி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள். மாற்கு சுவிசேஷத்தில் கெஹன்னாவைப் பற்றிய எச்சரிக்கை, சிறியவர்களை இடறச் செய்கிறவனைப் பற்றிய பேச்சைத் தொடர்ந்து வருகிறது. மத்தேயு 23ஆம் அதிகாரத்தில் அது மக்கள்மேல் பாரத்தைச் சுமத்திவிட்டு விரலாலும் தொடாத மதத்தலைவர்களை நோக்கி வருகிறது. லூக்கா சொல்லும் ஐசுவரியவான் கதையில், வாசலில் புண்களோடு கிடந்த லாசருவைப் பார்த்தும் பார்க்காமல் தினமும் விருந்து உண்டவன்தான் வேதனைப்படுகிறான். அவன் விபசாரம் செய்ததாகவோ அவிசுவாசியாக இருந்ததாகவோ கதையில் ஒரு சொல்லும் இல்லை.

சுவிசேஷங்களுக்கு வெளியே ஒரே இடம் என்றேனே, யாக்கோபின் நிருபம், அங்கே கெஹன்னாவின் தீ மூட்டப்படுவது மனிதரின் நாக்கில். பிறரைச் சபிக்கும் நாக்கே நரகத்தால் கொளுத்தப்பட்டது என்கிறார் அவர். கல்லறைத் தோட்டத்து வழியில் கேட்ட அந்த வாக்கியத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேதபாடம் எனக்குத் தெரியவில்லை.

அதிகாரம் உள்ளவர்களை எச்சரிக்கச் சொல்லப்பட்ட சொல், எந்த அதிகாரமும் இல்லாத ஒருத்தியின் சவக்குழிமேல் எப்படி வந்து விழுந்தது?

கூந்தலில் தொங்கும் பெண்கள்

அந்தத் திருப்பத்தைக் காட்டும் பிரதி ஒன்று இருக்கிறது. 'பேதுருவின் வெளிப்பாடு' என்று அதற்குப் பெயர். 2ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் எழுதப்பட்டது. அப்போஸ்தலன் பேதுரு எழுதியதல்ல, அவர் பெயரில் எழுதப்பட்டது. விவிலியத்தில் இடம்பெறவில்லை என்றாலும் சில சபைகளில் அது வேதமாகவே வாசிக்கப்பட்டது. பாலஸ்தீனத்தின் சில ஆலயங்களில் பெரிய வெள்ளியன்று அதை வாசித்தார்கள் என்று 5ஆம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் சோசோமென் எழுதியிருக்கிறார். பல நூற்றாண்டுகள் காணாமல்போய், 1886-87இல் எகிப்தின் அக்மீமில் ஒரு கல்லறையிலிருந்து அதன் கிரேக்கப் பகுதி வெளியே வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எத்தியோப்பிய மொழியில் விரிவான வடிவம் அடையாளம் காணப்பட்டது. நரகத்தின் அறைகளை ஒவ்வொன்றாகச் சுற்றிக் காட்டும் கிறிஸ்தவப் பிரதிகளில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழையது இது. தாந்தே உட்பட, பின்னால் வந்த நரகப் பயணங்கள் எல்லாம் இது தொடங்கிவைத்த மரபில் வந்தவை.

அதில் முதலில் கண்ணில் படும் காட்சிகளில் ஒன்று, கொதிக்கும் சேற்றுக்கு மேலே கூந்தலால் கட்டித் தொங்கவிடப்பட்ட பெண்கள். விபசாரத்துக்காகக் கூந்தலை அலங்கரித்தவர்கள் என்று காரணம் சொல்லப்படுகிறது. அவர்களோடு சேர்ந்த ஆண்களுக்கும் தண்டனை உண்டு. அவர்கள் தலை சேற்றில் மூழ்க, கால்களால் தொங்குகிறார்கள். இந்தச் சமன்பாட்டை மறைக்கக் கூடாது. ஆனால் குற்றத்தை எழுதியிருக்கும் விதத்தைப் பாருங்கள். ஆணின் குற்றம் அவன் செய்த செயல். பெண்ணின் குற்றம் அவள் முடியைப் பின்னியதில் தொடங்கிவிடுகிறது. பார்க்கிறவனின் கண்ணில் இயேசு வைத்த தீயை எடுத்து, பார்க்கப்படுகிறவளின் தலைமுடியில் கட்டிவிட்டார்கள். இயேசுவுக்கு நூறு ஆண்டு கழிந்ததும் இது நடந்துவிட்டது.

அடுத்து ஒரு குழி. கருவைக் கலைத்த பெண்கள் கழுத்தளவு கழிவில் உட்கார்ந்திருக்கிறார்கள். எதிரே அவர்களுடைய குழந்தைகள் அழுதுகொண்டிருக்கின்றன. அந்தக் குழந்தைகளிடமிருந்து கிளம்பும் தீக்கதிர்கள் தாய்மாரின் கண்களைத் தாக்குகின்றன. எத்தியோப்பிய வடிவத்தில், திருமணத்துக்கு முன் கன்னிமையைக் காக்காத பெண்களுக்கு ஒரு தண்டனை இருக்கிறது. எசமானுக்குக் கீழ்ப்படியாத அடிமைகளுக்கும் ஒன்று இருக்கிறது. அவர்கள் தங்கள் நாக்கைத் தாங்களே மென்றுகொண்டிருக்க வேண்டும். அடிமையை அடித்த எசமானுக்கு அறை இல்லை. மனைவியை அடித்த கணவனுக்கும் அறை இல்லை. நரகத்தின் வரைபடத்தில் எதற்கு இடம் ஒதுக்கவில்லை என்று பார்த்தால், அதை வரைந்த சமூகம் எதைக் குற்றமாகவே நினைக்கவில்லை என்பது தெரிந்துவிடும்.

ஆனால் இந்தப் பிரதியை வெறுமனே திட்டிவிட்டுப் போவது நேர்மையாகாது. விதவைகளையும் அநாதைகளையும் புறக்கணித்த பணக்காரர்கள் அதே நரகத்தில் கந்தலோடு, பழுக்கக் காய்ந்த கூர்க்கற்கள்மேல் புரள்கிறார்கள். வட்டி வாங்கியவர்கள் சீழும் இரத்தமுமான மடுவில் நிற்கிறார்கள். ஒடுக்கப்பட்ட ஒரு சிறு கூட்டத்தின் கோபமும் அதில் இருக்கிறது. அதைவிட முக்கியமான ஒன்று, வியன்னாவில் பாதுகாக்கப்படும் சிறிய கிரேக்க ஏட்டில் இருக்கிறது. இதே பிரதியின் ஒரு பகுதி அது. இறுதியில் நீதிமான்கள் யார் யாருக்காகக் கேட்கிறார்களோ அவர்களை வேதனையிலிருந்து விடுவித்துத் தருவதாகக் கடவுள் அதில் வாக்களிக்கிறார். எத்தியோப்பிய வடிவத்தில் இந்த இடம் தெளிவில்லாமல் மாறிக் கிடக்கிறது. மிகக் கொடிய நரகத்தை எழுதிய பிரதியிலேயே ஒரு வெளிவாசல் இருந்திருக்கிறது. கூந்தலில் தொங்கும் பெண் நமக்கு வந்து சேர்ந்தாள், வாசல் வந்து சேரவில்லை.

கார்த்தேஜின் இரண்டு குரல்கள்

203ஆம் ஆண்டையொட்டிய காலம், வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரம். இரண்டு கிறிஸ்தவர்கள் மறுவுலகத்தைப் பற்றி எழுதுகிறார்கள்.

ஒருவர் தெர்த்துல்லியன். லத்தீன் இறையியலின் தந்தை என்று நம் இறையியல் கல்லூரிகளில் படிப்பார்கள். பெண்ணைப் பிசாசின் நுழைவாயில் என்று அழைத்தவரும் அவரே. ரோமானியரின் பொதுக் கேளிக்கைகளைக் கண்டித்து அவர் எழுதிய நூல் வியப்பான இடத்தில் முடிகிறது. கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய ஆளுநர்களும் அரசர்களும் தத்துவஞானிகளும் தீயில் வேகும் காட்சிதான் நமக்குக் காத்திருக்கும் கேளிக்கை என்று அவர் மகிழ்கிறார். அரங்கத்தைக் கண்டித்துத் தொடங்கியவர், பார்வையாளர் இருக்கையில் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டு முடிக்கிறார்.

இன்னொருவர் பெர்பெத்துவா. ஏறக்குறைய 22 வயது, கைக்குழந்தைக்குப் பாலூட்டும் தாய். தெர்த்துல்லியன் வெறுத்த அதே அரங்கத்தில் மிருகங்கள்முன் விடப்படக் காத்திருந்தவர். கிறிஸ்தவப் பெண் ஒருத்தி தன் கையால் எழுதி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்துகளில் அவருடைய சிறைக்குறிப்பும் ஒன்று. அதில் ஒரு கனவு வருகிறது. முகத்தில் புற்று வந்து ஏழு வயதில் இறந்துபோன தம்பி தினோக்ராத்தஸ், இருண்ட இடத்திலிருந்து வெளியே வருகிறான். தாகத்தில் தவிக்கிறான். தொட்டியில் தண்ணீர் இருக்கிறது, விளிம்பு அவனுக்கு எட்டவில்லை. பெர்பெத்துவா விழித்தெழுந்து இரவும் பகலும் அவனுக்காக அழுது ஜெபிக்கிறார். சில நாள் கழித்து மறுபடி கனவு. தொட்டியின் விளிம்பு தாழ்ந்திருக்கிறது. முகத்துப் புண் தழும்பாகிவிட்டது. அவன் வயிறாரக் குடித்துவிட்டு, குழந்தைகளைப்போல விளையாடப் போகிறான்.

அதே ஊர், அதே காலம், அதே துன்புறுத்தல். பாதுகாப்பாக உட்கார்ந்திருந்தவர் எதிரிகள் வேகுவதைக் கனவு கண்டார். சாகப்போகிறவர் ஒரு குழந்தைக்குத் தண்ணீர் எட்டவில்லையே என்று கவலைப்பட்டார். ஆண் இப்படித்தான், பெண் அப்படித்தான் என்று இதைச் சுருக்கிவிட வேண்டாம்; எங்கள் ஊரில் அந்த வாய்ப்பாட்டை ஒப்பித்தவரும் ஒரு பெண்தான். நான் சொல்ல வருவது வேறு. இருநூறு ஆண்டு கழித்து அகஸ்தீன், அந்தச் சிறுவன் ஞானஸ்நானம் பெற்றவனாக இருந்திருக்க வேண்டும் என்று வாதாடி, பெர்பெத்துவாவின் கனவைக் கோட்பாட்டுக்குள் அடக்கினார். பெண் ஒருத்தி வேதனைப்படுகிறவனைப் பார்த்தாள், கேட்டாள், அவன் விடுபட்டான் என்ற எளிய செய்தியைச் சபையால் தாங்க முடியவில்லை.

தானாகப் போனவள்

இனி, தற்கொலை செய்தவருக்கு நரகம்தான் என்கிற தீர்ப்பு. விவிலியத்தில் அப்படி ஒரு தீர்ப்பு இல்லை. சவுலும் யூதாசும் செத்த விதத்தை அது சொல்கிறது, அந்தச் சாவுக்காக எரிநரகம் என்று சொல்லவில்லை. தற்கொலையைக் கொலை என்று விரிவாக வாதிட்டு நிலைநாட்டியவர் அகஸ்தீன். அவர் அந்த வாதத்தைத் தொடங்கிய சந்தர்ப்பத்தைப் பெண்ணிய வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும்.

410இல் ரோம் நகரம் சூறையாடப்பட்டது. கிறிஸ்தவப் பெண்கள் பலர் வன்புணரப்பட்டார்கள். மானம் போனபின் இவர்கள் ஏன் லுக்ரீசியாவைப்போலத் தங்களை மாய்த்துக்கொள்ளவில்லை என்று ஏளனம் எழுந்தது. 'கடவுளின் நகரம்' என்ற நூலின் முதல் பகுதியில் அகஸ்தீன் அந்தப் பெண்களின் பக்கம் நிற்கிறார். சம்மதம் இல்லாத இடத்தில் கற்பு போவதில்லை, குற்றம் செய்தவன் இன்னொருவன், அவள் ஏன் சாக வேண்டும் என்று கேட்கிறார். இன்றைக்கும் நம் ஊர்களில் உரக்கச் சொல்ல வேண்டிய வாதம் அது. உயிரோடிருக்க உரிமை உண்டு என்று பெண்ணுக்குச் சொல்லப் பிறந்த வாதம், உயிரை விட்டவள் கொலைகாரி என்ற சட்டமாக இறுகியது. 1662இன் ஆங்கிலிக்கப் பொது ஜெபப் புத்தகம், ஞானஸ்நானம் பெறாதவர், சபைநீக்கம் செய்யப்பட்டவர், தன்மேல் தானே கைவைத்தவர் ஆகிய மூவருக்கும் அடக்க ஆராதனை கூடாது என்று விதித்தது. அந்த ஒரு வரிதான் கப்பலேறி வந்து எங்கள் கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் குழி வெட்டியது.

சபைகள் மாறாமலும் இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் 1917ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த இத்தகைய தடை 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லை. 1992இல் வெளியான அதன் மறைக்கல்வி, இப்படி இறந்தவர்களின் மீட்பில் நம்பிக்கை இழக்கக் கூடாது என்கிறது. இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டமும், தற்கொலைக்கு முயன்றவர் கடும் அழுத்தத்தில் இருந்ததாகவே கொண்டு அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. சட்டப் புத்தகம் இறங்கி வந்த இடத்துக்கு நம் ஊர்ப் பிரசங்கபீடங்கள் பலவும் இன்னும் இறங்கி வரவில்லை.

இதை எழுதும்போது ஒன்றை மறைக்க முடியாது. சித்தி அதற்கு முன் இரண்டு முறை ஆச்சி வீட்டுக்கு ஓடி வந்தாள். இரண்டு முறையும் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, ஜெபித்து அனுப்பிவைத்தார்கள். கடவுள் இணைத்ததைப் பிரிப்பது பாவம், பாவத்தின் சம்பளம் என்னவென்று உனக்கே தெரியும் என்றார்கள். அவளைத் திருப்பி அனுப்பியதும் நரக பயம்தான். செத்த பிறகு அவளுக்கு வாக்களிக்கப்பட்ட தீ, அவள் உயிரோடிருந்தபோதே அந்த வீட்டுக் கதவுக்கு வெளியே மூட்டி வைக்கப்பட்டிருந்தது. அதைத் தாண்ட முடியாமல்தான் உள்ளே இருந்த தீயில் அவள் எரிந்தாள்.

ஹின்னோம் பள்ளத்தாக்கு எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டால், பெண் தகப்பன் வீட்டிலிருந்து கணவன் வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்படும் அந்தப் பாதையில் இருக்கிறது என்பேன். அங்கேயும் பெற்றோர்தான் பிள்ளையைக் கொடுக்கிறார்கள். அங்கேயும் கடவுளின் பெயர்தான் சொல்லப்படுகிறது. இந்திய தண்டனைச் சட்டத்தில் 1986இல் 304பி பிரிவு சேர்க்கப்பட்டு வரதட்சணைச் சாவு தனிக் குற்றமானது, வீட்டுக்குள் பெண்கள் எரிந்துகொண்டே இருந்ததால்தான். அந்த ஆண்டுகளில் ஸ்டவ் வெடித்த வீடுகளில் கிறிஸ்தவ வீடுகளும் இருந்தன.

அவருக்கு என்ன?

அப்படியானால் நரகமே இல்லை என்று சொல்லிவிடலாமா? சித்தப்பா நல்ல வயதாகி, பேரப்பிள்ளைகள் சூழ, முழு ஆராதனையோடு அடக்கம் செய்யப்பட்டார். ஆலயமணி அடித்தது. அன்று எனக்கு நரகம் வேண்டியிருந்தது. மிகவும் வேண்டியிருந்தது. கோர்ட்டும் போலீசும் சபையும் கைவிட்ட இடத்தில், யாராவது ஒருவர் கணக்குக் கேட்கிறார் என்ற நம்பிக்கை ஏழைப் பெண்ணுக்குக் கடைசிச் சொத்து. அதை மேலிருந்து பறிக்க எனக்கு உரிமை இல்லை. கடவுள் எல்லோரையும் மன்னிப்பார் என்ற இனிப்பான பேச்சு பெரும்பாலும், நீயும் மன்னித்துவிடு, வழக்கு எதற்கு என்றுதான் முடிகிறது. அடிபட்டவளின் வாயை அடைக்க நரகமும் பயன்படும், இரக்கமும் பயன்படும்.

இந்த இடத்தில் எனக்கு உதவியவர் மக்ரீனா. இன்றைய துருக்கியில் இருக்கும் பொந்துஸ் பகுதியில் வாழ்ந்து 379இல் இறந்தவர். தன் வீட்டுப் பணிப்பெண்களோடு சரிசமமாக வாழும்படி தாயை இணங்கவைத்தவர். அவருடைய மரணப்படுக்கையில் தம்பி கிரகோரி வந்து கேள்வி கேட்க, அவர் பதில் சொல்வதாக ஆன்மாவையும் உயிர்த்தெழுதலையும் பற்றிய ஓர் உரையாடல் நூல் இருக்கிறது. எழுதியவர் கிரகோரி. அதில் எவ்வளவு அக்காவின் குரல், எவ்வளவு தம்பியின் கைவண்ணம் என்று பிரிக்க முடியாது. ஆனால் பெரிய ஆயர் ஒருவர் அந்த நூல் முழுக்கத் தன் அக்காவை ஆசிரியை என்றே அழைக்கிறார்.

சேறு அப்பிக் காய்ந்த கயிற்றைச் சிறிய துளை வழியாக இழுத்தால் என்ன ஆகும் என்று மக்ரீனா ஓர் உவமை சொல்கிறார். இழுக்கிறவருக்குக் கயிறு வேண்டும். சேறு உரிந்து விழும், கயிறு வலியோடு வெளியே வரும். கடவுள் தண்டிப்பதற்காக வலி கொடுப்பதில்லை, தன்னுடையதைத் தன்னிடம் இழுக்கிறார். எவ்வளவு சேறு அப்பியிருக்கிறதோ அவ்வளவு வலி. சேறு முழுக்க உரிந்ததும் அது முடியும்.

இது மலிவான மன்னிப்பு அல்ல. சித்தப்பாவிடம் ஒட்டியிருந்த எதுவும் அவரோடு உள்ளே போகாது. அந்த இரண்டு கதைகளும் போகாது. தன் கை என்ன செய்தது என்பதை அவர் சித்தியின் உடம்பிலிருந்து உணர்ந்தாக வேண்டும் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். எந்தக் கோர்ட்டும் தர முடியாத தீர்ப்பு அது. ஆனால் அதற்கு முடிவு உண்டு, ஏனென்றால் அதற்கு ஒரு நோக்கம் உண்டு. முடிவே இல்லாத வதைக்கு நோக்கம் கிடையாது. அடிப்பதற்காகவே அடிக்கிறவரை நாம் ஏற்கெனவே வீட்டில் பார்த்திருக்கிறோம். அவருடைய சாயலில் கடவுளைச் செய்துகொள்ள நான் தயாராக இல்லை.

இரக்கத்தின் இந்த மரபும் திருச்சபையுடையதே. அகஸ்தீன் காலத்திலேயே நரகம் முடிவில்லாதது அல்ல என்று நம்பிய கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். அவர்களை இரக்கமுள்ளவர்கள் என்று சற்று ஏளனமாகக் குறிப்பிட்டு அவர் மறுத்தார். அந்தப் பெயரை நாம் ஏளனமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஆச்சிக்கு

இதைப் படிக்கும் மாணவிகளில் சிலர் நரக பயத்தோடு வளர்ந்திருப்பீர்கள். விடுமுறை வேதாகமப் பள்ளியில் பார்த்த தீச்சுவாலைப் படம் இன்னும் கனவில் வரலாம். உங்களிடம் ஒன்றைத்தான் கேட்கிறேன். அடுத்த முறை யாராவது நரகம் என்று சொன்னால் கூடவே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். யார் சொல்கிறார்? யாரைப் பார்த்துச் சொல்கிறார்? அதைக் கேட்டபின் கதவு திறக்கிறதா, மூடுகிறதா? அதிகாரம் உள்ளவனின் கையைத் தடுக்கச் சொல்லப்பட்டால் அது கெஹன்னாவைப் பற்றிய இயேசுவின் பேச்சோடு சேரும். ஒருத்தியை வீட்டுக்குள் பூட்டச் சொல்லப்பட்டால் அது தோப்பேத்தின் பேச்சு.

ஞாயிறுதோறும் நாம் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தில், கிறிஸ்து பாதாளத்தில் இறங்கினார் என்று ஓர் அறிக்கை இருக்கிறது. சிலுவைக்கும் உயிர்த்தெழுதலுக்கும் இடையில், யாரும் நின்று யோசிக்காமல் சொல்லிக் கடந்துபோகும் அறிக்கை. கிழக்குத் திருச்சபைகள் அதைப் படமாக வரைந்து வைத்திருக்கின்றன. இஸ்தான்புல்லில் கோரா என்ற பழைய ஆலயத்தின் சுவரில், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டிய ஓவியம் அவற்றில் புகழ்பெற்றது. பாதாளத்தின் கதவுகள் உடைந்து காலடியில் கிடக்கின்றன. பூட்டுகளும் சாவிகளும் சிதறியிருக்கின்றன. கிறிஸ்து ஒரு கையால் ஆதாமையும் மறு கையால் ஏவாளையும் கல்லறைகளிலிருந்து இழுத்து எழுப்புகிறார். ஏவாளைப் பிடித்திருப்பது கூந்தலில் அல்ல, மணிக்கட்டில்.

ஆச்சி அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. அவள் கேள்விக்கு அப்போது பதில் தெரிந்திருந்தால் நான் வேப்பமரத்தடிக்குப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருப்பேன். இல்லை ஆச்சி, எரிக்க மாட்டார். அவளை எரித்தது நாம். அவர் அவளைத் தேடி இறங்கியிருப்பார்.